துண்டு போர்த்திய மெஷின்

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும் அது உயிரோடு இருந்தது. நகரசபை அலுவலகத்தில் காவலாளி முதல் தலைவர் வரை எல்லோருக்கும் அவள் முத்திரைதான்.

நகரசபையின் பண்டகசாலை அவள் பொறுப்பு. மைய அரசு மானியத்தில் வாங்கிய எந்தப் பொருளானாலும், தண்ணீர் மோட்டாரோ மர நாற்காலியோ, உள்ளே வந்ததும் ஒரு சின்னத் தூரிகையை எடுத்து மஞ்சள் பெயின்டில் வட்டம் போடுவாள். வட்டத்துக்குள் எண். அது விழுந்துவிட்டால் அந்தப் பொருள் எந்த வேலைக்கென்று வாங்கப்பட்டதோ அந்த வேலைக்கு மட்டும், எந்த இடத்துக்கென்று வாங்கப்பட்டதோ அந்த இடத்தில் மட்டும். மானியம் கொடுப்பவர்களின் விதி அது. மீறினால் அடுத்த தவணை நிற்கும். கொடுத்ததையும் திருப்பிக் கேட்பார்கள்.

அலுவலகத்துக்கு வரும் டீக்காரர் அவளைக் கண்டால் கெட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

"அக்கா கண்ணுல பட்டா இதுக்கும் ஒரு வட்டம் போட்டுடும். அப்புறம் நான் டீ விக்கிறதுக்குத் தலைநகருக்கு எழுதிக் கேக்கணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சிரிக்கமாட்டாள். தூரிகையைக் கழுவிக்கொண்டே, "கெட்டிலை ஒழுங்கா கழுவுங்க முதல்ல," என்பாள்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. வாய்க்கடன் என்று அதற்குப் பெயர். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துப் போவார்கள். எழுதிக் கேட்பது கிடையாது. எழுதிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும் என்பது அங்கே அப்பனிடமிருந்து மகனுக்கு இறங்கிய நம்பிக்கை. தணிக்கைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்தால் முந்தின நாள் எல்லாப் பொருளும் வீடு திரும்பும். வந்தவர்கள் போனதும் மறுபடி கிளம்பும். இந்தப் பழக்கத்துக்கு அவள் ஒருத்திதான் குறுக்கே நின்றாள். தெருவிளக்கு மானியத்தில் வாங்கிய ஏணிக்காகப் பொறியாளரோடு அவள் மல்லுக்கு நின்ற கதையை இன்றும் சொல்வார்கள்.

"ஒரு ஏணிம்மா. வீட்ல பல்பு மாத்திட்டு சாயங்காலம் தந்துடறேன்."

"எழுதிக் குடுங்க சார். இல்லைன்னு எழுதித் தர்றேன்."

"ஒரு பல்பு மாத்த எழுதிக் குடுத்தேன்னா ஊரே சிரிக்கும்."

"அப்ப இருட்டுல உக்காருங்க."

இப்படிப்பட்டவளின் வீட்டுக்குள்தான் விதி, அவள் கையால் எழுதிய எண்ணைத் தாங்கிக்கொண்டே, படியேறி வந்தது.

வீடு என்பது ஒரு கடைக்கு மேலே இரண்டு அறைகள். கீழே அவள் கணவனின் கடை. எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதுக் காயில் கட்டும் வேலை. செம்புக் கம்பியும் வார்னிஷும் கலந்த வாசனை மாடி வரை வரும். மேலே முன்னறையில், ஜன்னலோரக் கட்டிலில், கணவனின் அக்கா. அவளுக்கு அண்ணி.

அண்ணி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பதினாறு வயதில் பஞ்சாலைக்குப் போனவள். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து, தொழில் கற்றுக்கொடுத்து, அவனுக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்தாள். அத்தனை வருடமும் ஆலையில் அவள் சுவாசித்தது பஞ்சு. இப்போது நெஞ்சுக்குள் அது கெட்டிப்பட்டுக் கிடந்தது. நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கவேண்டும். ஆனால் அந்த நாலு வார்த்தையும் நறுக்கென்று இருக்கும்.

"உன் பொண்டாட்டி... பொறந்தப்பவே... ரசீது கேட்டிருப்பா," என்பாள் தம்பியிடம்.

"ஆமா அண்ணி. உங்க தம்பியைக் கட்டுறப்ப கேக்க மறந்துட்டேன். அதான் திருப்பிக் குடுக்க முடியல," என்பாள் இவள் அடுப்படியிலிருந்து.

இருவருக்கும் ஆகாது என்று தெரு முழுக்கத் தெரியும். அண்ணிக்கு இரவில் இருமல் முற்றினால் முதலில் எழுந்து முதுகைத் தடவுகிறவள் யார் என்பது தெருவுக்குத் தெரியாது.

பெருந்தொற்றுக் காலத்தில் நகரசபைச் சுகாதார நிலையத்துக்கு மானியத்தில் பத்து ஆக்சிஜன் மெஷின்கள் வந்தன. காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின். சிறிய அலமாரி உயரம், அடியில் சக்கரம். பத்துக்கும் அவள்தான் வட்டம் போட்டாள். ஏழாவதற்குப் போடும்போது டீக்காரர் முழங்கையில் இடித்துவிட்டார். அந்த ஏழுக்கு வால் கோணிக்கொண்டது.

தொற்று அடங்கியது. மெஷின்களைத் துடைத்து நிலையத்தின் பின்னறையில் வரிசையாக நிறுத்திப் பூட்டினார்கள். பூட்டின் சாவி இரண்டு. ஒன்று அவளிடம், ஒன்று டாக்டரிடம். பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒருநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். மேலே ஒரு ரீங்காரம். இதுவரை அந்த வீட்டில் கேட்டிராத சத்தம். முன்னறைக்குள் நுழைந்தாள். அண்ணி தலையணையில் சாய்ந்திருந்தாள், மூக்கில் குழாய். உதட்டில் நீலம் இல்லை. முகத்தில் வருடக்கணக்காகக் காணாத ஒரு சாந்தம். தலைமாட்டில் மெஷின். மெஷினில் மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் வால் கோணிய ஏழு.

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"டாக்டர் தான் எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. சும்மா பூட்டி வச்சிருக்குறதுக்கு யாராவது மூச்சு விடட்டும்னாரு," என்றான் கணவன், அவள் கண்ணைப் பார்க்காமல்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பே. அதான் கேக்கல."

ஆறாத புண் மாதிரி அந்தச் சொல் அவளுக்குள் தங்கிவிட்டது.

அன்று அவள் என்ன செய்திருக்க வேண்டும்? மெஷினைத் திருப்பி உருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். அண்ணி மட்டும் கட்டிலில் இல்லாமல் இருந்திருந்தால் போயிருப்பாள். அலமாரியைத் திறந்தாள். ஒரு பழைய துண்டை எடுத்தாள். முத்திரை தெரியாமல் மெஷினின் மேல் போர்த்தினாள். அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. வீட்டில் இருந்தால் ரீங்காரம்; அது நின்றால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது இன்னும் பயம். துண்டு வழுக்கி விழுந்தால் பதறி எடுத்துப் போர்த்துவாள். யாராவது படியேறினால் முதலில் துண்டைப் பார்ப்பாள், பிறகுதான் வந்த முகத்தைப் பார்ப்பாள். அரையாண்டு சரிபார்ப்பு வந்தது. ஆக்சிஜன் மெஷின், பத்து, இருப்பு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போட்ட கை சாப்பிடும்போதும் கனத்தது.

அலுவலகத்துக்கும் ஏதோ புரிந்தது. பொறியாளர் ஒருநாள் சோதித்துப் பார்ப்பதுபோல் ஏணியில் கை வைத்தார்.

"எடுத்துக்கட்டுமா?"

அவள் வாயைத் திறந்தாள். மஞ்சள் ஏழு கண்முன் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

ஏணி போயிற்று. ஏணிக்குப் பின்னால் கொசுமருந்து அடிக்கும் மெஷின் போயிற்று. கணினி ஒன்று தலைவர் வீட்டுக்குப் போயிற்று. வாசிப்பறை நாற்காலிகள் நாலு நாலாகக் கிளம்பின. "முத்திரை இளகிடுச்சு," என்று அலுவலகம் மகிழ்ந்தது. அவளுக்கோ ஒவ்வொரு பொருளும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவதாகத் தோன்றியது. மடியில் கனம் இருப்பவள் யாரை வழிமறிக்க முடியும்?

கடைசியில் அந்தத் தகவல் வந்தது. மானியப் பொருள்களை நேரில் பார்க்கத் தலைநகரிலிருந்து அதிகாரி வருகிறார். நகரின் தண்ணீர்க் குழாய்களை மாற்றுவதற்கான பெரிய தவணை அவர் எழுதப்போவதைப் பொறுத்தது.

அலுவலகம் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றியதுபோல ஆயிற்று. எல்லாம் வீடு திரும்பத் தொடங்கின. நாற்காலிகள் வண்டியில் வந்தன; அதில் ஒன்றுக்கு மூன்று கால்கள்தான் இருந்தன. தலைவர் வீட்டுக் கணினி, திரை முழுக்கக் கார்ப்பந்தய ஸ்டிக்கரோடு வந்தது. பொறியாளர் ஏணியைத் தானே தோளில் தூக்கிவந்தார்.

"பல்பு மாத்தியாச்சா சார்?" என்றார் டீக்காரர்.

"வாயை மூடிக்கிட்டு டீ ஊத்துய்யா."

அவள் புது டப்பா பெயின்டைத் திறந்து, தேய்ந்த வட்டங்களையெல்லாம் மறுபடி வரைந்தாள். சுகாதார நிலையத்தின் பின்னறையைத் திறந்தாள். ஒன்பது மெஷின்கள் தூசியோடு நின்றன. தூசியைத் தட்டி ஒன்பதுக்கும் பளபளவென்று வட்டம் போட்டாள். ஏழாவது நிற்கவேண்டிய இடத்தில் தரை மட்டும் இருந்தது. தூரிகையிலிருந்து ஒரு சொட்டு மஞ்சள் அங்கே விழுந்தது.

மேலாளர் பின்னாலேயே வந்து நின்றார். எல்லாம் அறிந்தவர். அறிந்ததைக் காட்டிக்கொள்ளாமலே இத்தனை வருடம் உத்தியோகத்தைக் கடத்தியவர்.

"பத்தாவது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. நான் கேக்கல. நாளைக்கு இங்க இருக்கணும், அவ்வளவுதான். அந்த மேடம் போனதும் திருப்பிக் கொண்டு போயிடு."

"நாற்காலி இல்லாம நின்னுக்கிட்டு இருக்கலாம் சார். அவங்க மூச்சு விடாம எப்படி இருப்பாங்க?"

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யோசிக்கும்போது அப்படிச் செய்வார்.

"அப்ப அவங்களையும் கூட்டிட்டு வா. நாளைக்கு ஒரு நாள் வார்டுல படுக்கட்டும். நிலையத்துல நோயாளி, நோயாளிக்கு மெஷின். எது தப்பு?"

எது தப்பு என்று அவளால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளை இன்னும் அரித்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணி குழாயைச் சரிசெய்துகொண்டு அவளையே பார்த்தாள்.

"நான் நோயாளியா... நடிக்கணுமா?"

"நடிக்க வேணாம். நீங்க நோயாளிதான். படுத்திருந்தா போதும்."

"அந்தம்மா ஏதாவது... கேட்டா?"

"மூச்சு வாங்குது, பேச முடியலைன்னு சொல்லிடுங்க."

"நாற்பது வருஷமா... எல்லாரும் என்னைப் பேசாதேன்னாங்க." அண்ணி சற்று நிறுத்தி மூச்சை இழுத்தாள். "ஒருத்தரும்... மெஷினைக் காட்டி... சொன்னதில்ல."

பிறகு தம்பியைக் கூப்பிட்டு, மெஷினின் வடிகட்டியைக் கழுவச் சொன்னாள். ஒவ்வொரு ஞாயிறும் அவன் கழுவுவது வழக்கம். அன்று ஞாயிறு இல்லை. "நாலு பேர் பாக்குற எடத்துக்குப் போகுது," என்றாள்.

காலையில் வாடகை வண்டியில் அண்ணியும் மெஷினும் போனார்கள். கணவன் மெஷினைக் குழந்தைபோல் மடியில் சாய்த்துப் பிடித்திருந்தான். வார்டில் நாலு கட்டில். ஜன்னலோரக் கட்டில் அண்ணிக்கு. துண்டை அவள் எடுத்து மடித்துத் தன் பைக்குள் திணித்தாள். வெளிச்சத்தில் மஞ்சள் ஏழு கூசியது. அவளுக்கு யாரோ தன்னைச் சபையில் நிறுத்தியதுபோல் இருந்தது.

அதிகாரி அவள் நினைத்திருந்த மாதிரி இல்லை. அவள் வயதுதான் இருக்கும். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்த ஒரு பெண்மணி. கைக்குட்டையை விடாமல் பிடித்திருந்தார். அலுவலகத்தில் நாற்காலிகளைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். ஏணியின் வட்டத்தைத் தொட்டவர் விரலைத் திருப்பிப் பார்த்தார். விரல் நுனி மஞ்சளாக இருந்தது.

"இன்னும் காயலையே," என்றார்.

"அடிக்கடி புதுப்பிப்போம் மேடம்," என்றார் மேலாளர்.

அதிகாரி விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அந்த மஞ்சள் கறை நாள் முழுக்க அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

சுகாதார நிலையத்துக்கு வந்தபோது நடுப்பகல். டாக்டர் வரவேற்றார். அதிகாரி வார்டுக்குள் வந்து அண்ணியின் கட்டிலருகே நின்றார்.

"எப்படி இருக்கீங்கம்மா? எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

அண்ணி வாயைத் திறந்தாள். அந்தக் கணத்தில் வாசலில் சத்தம் கேட்டது.

இரண்டு பேர் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். உடம்பெல்லாம் சிமெண்டுத் தூள் படிந்த கொத்தனார். கட்டட வேலையில் மூச்சடைத்துச் சாய்ந்துவிட்டாராம். பக்கத்துக் கட்டிலில் கிடத்தினார்கள். விலா எலும்புகள் உள்வாங்கி உள்வாங்கி எழுந்தன. நர்ஸ் விரலில் கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"சிலிண்டர்?" என்றார் டாக்டர்.

"நிரப்பப் போன வண்டி இன்னும் வரல சார்."

"அப்ப மெஷின் எடுங்க. பின்னாடி ஒன்பது இருக்கே."

அவள் ஓடினாள். சாவி துவாரத்தில் ஏறவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. கதவைத் தள்ளி முதல் மெஷினை உருட்டிவந்து மின்சாரம் கொடுத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்து விட்டுவிட்டுக் கூவியது. காற்று வரவில்லை. இரண்டாவது, உயிரே இல்லை. மூன்றாவது கருகிய வாசனையோடு நின்றது. அவள் கணவன் ஒன்றின் பின்மூடியைக் கழற்றி வடிகட்டியில் கை வைத்தான். அது அப்பளம்போல நொறுங்கி உதிர்ந்தது.

"இதெல்லாம் செத்து ரொம்ப நாளாச்சு," என்றான் தணிந்த குரலில். "ஓட்டாம பூட்டி வச்சா மோட்டார் இறுகிடும். மனுஷன் மாதிரிதான்."

ஒன்பது மெஷின்கள். ஒன்பதிலும் நேற்று அவள் போட்ட வட்டம், ஈரம் மாறாத பொன்மஞ்சள். எண் சரி. இடம் சரி. இருப்பு சரி. மூச்சு மட்டும் ஒன்றிலும் இல்லை. பொட்டு வைத்த பிணங்களைப்போல அவை நிற்பதை அவள் பார்த்தாள்.

அவள் வார்டுக்குத் திரும்பினாள். அண்ணி தன் மூக்குக் குழாயைக் கழற்றிக் கையில் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளுக்கு... மாட்டுங்க."

"அண்ணி, வேணாம்."

"எனக்குப் பழக்கம். அரைமணி நேரம்... தாங்குவேன். மின்சாரம் போனா... தாங்குறதில்ல? அந்த மனுஷனுக்குப் பழக்கமில்ல."

நர்ஸ் வேறு குழாய் எடுத்து மெஷினைக் கொத்தனார் பக்கம் திருப்பினாள். ஏழாம் எண் மெஷின் சலனமில்லாமல் ரீங்கரித்தது. கொத்தனாரின் விலா மெல்ல மெல்ல அடங்கிற்று. அண்ணியின் உதட்டில் நீலம் ஏறத் தொடங்கியது. அவள் அண்ணியை நிமிர்த்தி உட்காரவைத்துத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். ஒரு கையால் விசிறினாள். மறு கையால் முதுகைத் தடவினாள். அந்த முதுகின் ஒவ்வொரு எலும்பையும் அவள் கைக்குத் தெரியும். வாசலையே பார்த்தாள். தெருவில் ஒவ்வொரு வண்டியும் வந்து, கடந்து, போயிற்று.

அதிகாரி ஏழாம் எண்ணின் முன் குனிந்து நின்றார். வால் கோணிய ஏழைப் பார்த்தார். பின்னறையின் வரிசையைப் பார்த்தார்.

"பத்தும் ஒண்ணா வாங்கினது. ஒன்பது செத்துப்போச்சு. இது மட்டும் எப்படி இவ்வளவு நல்லா ஓடுது?"

மேலாளர் முந்திக்கொண்டார். "இந்த ஒண்ணைத் தினமும் பயன்படுத்துறோம் மேடம். வாராவாரம் வடிகட்டி கழுவறோம். எல்லாம் இந்தம்மாவோட கவனிப்பு. ரொம்பப் பொறுப்பானவங்க."

"அப்ப இவங்களைப் பாராட்டி எழுதணுமே," என்றார் அதிகாரி.

மேலாளர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. தினமும் ஓடியது, வாராவாரம் கழுவினார்கள். அவள் பேசாமல் இருந்தால் போதும். வேலை தப்பும், தவணை வரும், மாலையில் மெஷின் வீட்டுக்கு வரும். அண்ணியின் தலை அவள் நெஞ்சில் கனத்தது. அண்ணியால் பேச முடியவில்லை. கண்ணைத் திறந்து அவளை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவே. அந்தப் பார்வை பேசு என்றும் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை.

"அது இங்க ஓடல மேடம்," என்றாள். "என் வீட்ல இருந்தது. இவங்க என் அண்ணி. இவங்களுக்காக எட்டு மாசமா வீட்ல வச்சிருந்தோம். இன்னைக்குக் காலையிலதான் வந்தது. பத்து இருக்குன்னு நான் கையெழுத்துப் போட்டது பொய்."

மேலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, "எடுத்துட்டுப் போகச் சொன்னது நான்தான்," என்றார்.

அதற்குள் வெளியே இரும்பு உருளைகள் மோதும் சத்தம் கேட்டது. சிலிண்டர் வண்டி. கொத்தனாருக்குச் சிலிண்டர் மாட்டினார்கள். ஏழாம் எண் திரும்பி வந்தது. அண்ணியின் மூக்கில் குழாயைப் பொருத்தும்போதுதான் முத்திரை அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க.

உதட்டில் நிறம் திரும்பியதும் அண்ணி முதலில் சொன்னது இதுதான்: "விசிறினது போதும்... கை வலிக்கப்போகுது."

அதிகாரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். தும்மினார். கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"நிலையத்துல பதிவு பண்ண நோயாளிக்கு, டாக்டர் எழுதிக் குடுத்தா, மெஷினை வீட்டுக்கே கடனாத் தரலாம். எங்க விதியிலேயே அது இருக்கு. நீங்க ஏன் எழுதிக் கேக்கல?"

"கேட்டா இல்லைன்னு சொல்லிடுவாங்க மேடம்."

"யார் சொல்லுவாங்க?"

மேலாளரா? அவர் எதையும் சொல்பவர் இல்லை. டாக்டர் தன் வாயாலேயே கொடுத்தவர். தலைநகரா? தலைநகரை யார் கேட்டார்கள்? ஏணி, இருட்டு, கெட்டில், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவள் முன்னால் நின்றன. பண்டகசாலை வாசலில் நின்று எல்லோருக்கும் இல்லை சொன்னது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆளிடம் கேட்கப் பயந்துதான் அவள் கணவனும் கேட்கவில்லை; அவளும் கேட்கவில்லை.

"நான்தான் மேடம்," என்றாள். "நான்தான் இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

அதிகாரி நல்லவர். ஆனால் கண்டதைக் கண்டபடி எழுதினார். ஒன்பது மெஷின்களையும் நகரசபை தன் சொந்தச் செலவில் பழுது பார்க்கவேண்டும். அதுவரை குழாய்த் தவணை நிற்கும். மேலாளரிடமும் டாக்டரிடமும் விளக்கம் கேட்கப்பட்டது. அவளுக்கு ஒரு வருடச் சம்பள உயர்வு போயிற்று. பண்டகசாலைச் சாவியும் போயிற்று. குடிநீர்ப் புகார் வாங்கும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். தவணை நின்றதால் தண்ணீர் வராத தெருக்காரர்கள் எல்லோரும் அந்த ஜன்னலுக்குத்தான் வந்தார்கள். யாரால் நின்றது என்று தெரிந்தே வந்தார்கள். நாலு வசை கேட்டுவிட்டுத்தான் அவள் புகாரை எழுதிக்கொள்வாள்.

அனுமதித் தாள் வரும்வரை ஏழாம் எண் நிலையத்தை விட்டு நகரக்கூடாது என்றார்கள். ஆகவே அண்ணியும் வார்டிலேயே தங்கினாள். வார்டு அவள் ராஜ்யமாயிற்று. எழுந்து உட்கார ஆரம்பித்த கொத்தனாரோடு தினமும் வாய்ச்சண்டை.

"உயிரைக் குடுத்திருக்கேன்... ஜன்னலைக் குடுக்க மாட்டியா?"

"ஜன்னல் உங்க பக்கம்தானேம்மா இருக்கு?"

"காத்து... உன் பக்கம்தானே போகுது."

வீட்டில்தான் நிலைமை மோசம். ரீங்காரம் இல்லை. அது கேட்டபோது பயத்தில் தூக்கம் வரவில்லை. கேட்காதபோது கவலையில் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்திருப்பாள். எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று தெரியாது. காலிக் கட்டிலைத் தட்டிச் சுருக்கம் எடுப்பாள், பிறகு அலுவலகத்துக்குப் போகிற வழியில் வார்டுக்குள் எட்டிப்பார்ப்பாள், திரும்பும்போதும் பார்ப்பாள்.

"என்னை வேவு பாக்க... வர்றியா?" என்பாள் அண்ணி.

"மெஷினைப் பாக்க வர்றேன்," என்பாள் இவள்.

கடைசியில் தாள் வந்தது. டாக்டர் எழுதியது, மேலாளர் கையெழுத்திட்டது, தலைநகர் ஒப்புக்கொண்டது. பண்டகசாலையில் அவள் இடத்துக்கு வந்திருந்தவர் மெஷினோடு தானே வீட்டுக்கு வந்தார். ஓய்வுக்கு நெருங்கிய மனிதர். மாடிப்படி ஏறி இளைத்துவிட்டார். மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று மாதாமாதம் வந்து பார்ப்பேன் என்றார். அவள் கணவன் நாற்காலி போட்டான். அவர் உட்காராமல் மஞ்சள் வட்டத்தை உற்றுப் பார்த்தார்.

"இந்த ஏழு கோணலா இருக்கேம்மா. மாத்தி எழுதிடட்டுமா?"

"வேணாம்," என்றாள் அவள், தேவைக்கு மேல் வேகமாக.

அவர் போனதும் கணவன் மெஷினைத் தலைமாட்டில் நிறுத்தி ஓட்டினான். ரீங்காரம் வீட்டை நிரப்பியது. கீழே தெருவில் ஏதோ வண்டி வந்து நிற்கும் சத்தம். அவள் உடம்பு தானாக அதிர்ந்தது. கை தானாக அலமாரிக்குப் போயிற்று. துண்டை எடுத்து விரித்துக்கொண்டு மெஷினின் முன்னால் நின்றவள், அப்படியே நின்றாள். வண்டி கடையில் மோட்டார் கொடுக்க வந்ததுதான். யாரோ கணவனைக் கூப்பிட்டார்கள். அவன் இறங்கிப் போனான்.

விரித்த துண்டோடு நிற்பவளை அண்ணி கட்டிலிலிருந்து பார்த்தாள். குழாயைச் சரிசெய்துகொண்டாள்.

"அதுக்கு என்ன குளிரா? இங்க... என் கால்ல போடு."

அவள் துண்டை அண்ணியின் காலில் போர்த்தி, ஓரங்களைப் பாதத்துக்கு அடியில் செருகினாள். கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனாள்.